பிழைத்தவர் மீது வழக்கு, துரத்தியவர் புகார்தாரர்

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக அந்தச் செய்தி வரும். காதல் ஜோடி விஷம் குடித்தது, இளம்பெண் பலி, வாலிபருக்குத் தீவிர சிகிச்சை. கீழே நான்கைந்து வரி: இருவரும் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள், பெற்றோர் எதிர்ப்பு, மனமுடைந்தனர், போலீசார் விசாரணை. சில நாள் கழித்து அதைவிடச் சிறியதாக இன்னொரு செய்தி வந்தாலும் வரும். சிகிச்சை முடிந்த வாலிபர், காதலியைத் தற்கொலைக்குத் தூண்டியதாகக் கைது செய்யப்பட்டு சிறையில் அடைக்கப்பட்டார். முதல் செய்திக்கு உச்சுக்கொட்டியவர்கள் இரண்டாவதைப் படிப்பதில்லை. நாம் இங்கே பேச வருவது அந்த இரண்டாவது செய்தியைத்தான்.

'வெவ்வேறு சமூகம்' என்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் ஊர், ஒருவர் சேரி. ஆனால் அரசின் கணக்கில் அது வராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் 4.5 விழுக்காட்டுக்குக் காரணம் 'காதல் விவகாரம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருதலைக் காதலில் மனமுடைந்தவரும், அரிவாளோடு வாசலில் வந்து நின்ற மாமனுக்குப் பயந்தவரும் அந்த ஒரே கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். சமூகவியல் மாணவர்கள் துர்கைமை நினைத்துக்கொள்ளலாம். 1897இல் வந்த தற்கொலை பற்றிய தன் நூலில், வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு நெருக்கி, எதிர்காலமே அடைக்கப்பட்டவர்களின் தற்கொலையை அவர் ஓர் அடிக்குறிப்பில் சொல்லி முடித்துவிட்டார். அங்கே அவர் காட்டிய உதாரணங்களில் அடிமைகளும் உண்டு. நம் ஊர்களைப் பார்த்திருந்தால் அதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருப்பார்.

சட்டத்துக்கு வருவோம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 309இல், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. செத்தால் குற்றமில்லை, பிழைத்தால் குற்றம். 1971இல் சட்ட ஆணையம் தன் 42ஆவது அறிக்கையில் இதை நீக்கச் சொன்னது. 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப்போட்டது. 2008இல் சட்ட ஆணையம் தன் 210ஆவது அறிக்கையில் மறுபடியும் நீக்கச் சொன்னது. கடைசியில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வந்தது. அதன் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவரை விசாரிக்கவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. அதோடு, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு இணையான பிரிவே இல்லை.

அதாவது, ஏறக்குறைய இல்லை. 226 என்று ஒரு பிரிவை வைத்திருக்கிறார்கள். அரசு ஊழியரை ஒரு காரியத்தைச் செய்ய வைக்கவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. பட்டா கேட்டு, பொதுப்பாதை கேட்டு, எப்.ஐ.ஆர். போடச் சொல்லிப் பத்து முறை மனுக் கொடுத்து, பதினோராவது முறை ஆட்சியர் அலுவலக வாசலில் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரையும் மன்னித்த அரசு, தன்னிடம் நியாயம் கேட்டு வந்து உடைந்துபோனவரை மட்டும் மன்னிக்கவில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது நம் விஷயம் வேறு.

'அப்படியானால் பிழைத்தவருக்கு இனி வழக்கு இல்லைதானே?' என்று பயிற்சி முகாம்களில் மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. தனியாக முயன்றவருக்கு இல்லை. இருவராக முயன்று ஒருவர் இறந்துவிட்டால், பிழைத்தவர் மீது அந்த இறப்புக்கான வழக்கு காத்திருக்கிறது. பழைய சட்டத்தில் 306, புதிய சட்டத்தில் 108. பத்து ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம், செஷன்ஸ் நீதிமன்ற விசாரணை. சேர்ந்து சாகத் துணிந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு நம் சட்டத்தில் கிடையாது. அதனால், மருமகளைக் கொடுமைப்படுத்திச் சாகவைத்த மாமியாருக்கும் கந்துவட்டிக்காரனுக்கும் போடுகிற அதே பிரிவு, தானும் சாகப்போய் ஆஸ்பத்திரியில் கண்விழித்த இருபது வயதுப் பையனுக்கும் போடப்படுகிறது.

தமிழில் இந்தக் குற்றத்தை 'தற்கொலைக்குத் தூண்டுதல்' என்று எழுதிப் பழகிவிட்டோம். சட்டம் சொல்வது அதைவிட அகலமானது. தூண்டுவது, சேர்ந்து திட்டமிடுவது, தெரிந்தே உதவுவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் போதும். சேர்ந்து சாக முடிவெடுத்த இருவரின் வழக்கில் பெரும்பாலும் பிடிபடுவது மூன்றாவதுதான். கடைக்குப் போனது யார், பைக் ஓட்டியது யார், அறை எடுத்தது யார் பெயரில். எப்போதும் ஆண் பெயரில்தான் இருக்கும், ஏனென்றால் அந்தப் பெண்ணை வீட்டைவிட்டு வெளியே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் செய்தியில் 'தூண்டியதாகக் கைது' என்று வந்ததும் படிப்பவர் மனதில் பதிவது, அவன் அவளை ஏமாற்றிச் சாகவைத்தான் என்பது. ஊர்த் தெருவில் அந்த ஒரு சொல் போதும். 'பொண்ணைக் கெடுத்துக் கொன்னுட்டான்' என்று அது வளரும்.

இன்னும் கடுமையான நிலைகளும் உண்டு. ஒருவர் கையால் மற்றவர் இறந்திருந்தால் அது தற்கொலை வழக்கே இல்லை, கொலை வழக்கு. இறந்தவர் பதினெட்டு வயதைக் கடந்தவர், சம்மதித்தே சாவை ஏற்றார் என்று காட்ட முடிந்தால் மட்டும் கொலைக்குரிய விதிவிலக்கு ஒன்று கைகொடுக்கும். பழைய 300ஆவது பிரிவின் ஐந்தாவது விதிவிலக்கு அது, இப்போது 101இல் இருக்கிறது. அப்போதும் ஆயுள் தண்டனை, அல்லது பத்தாண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. புதிய சட்டம் ஐந்தாண்டை அடிமட்டமாக வைத்துவிட்டது. பெண்ணுக்குப் பதினேழு வயது என்றால் எல்லாமே மாறும். குழந்தையைத் தற்கொலைக்குத் தூண்டிய குற்றம், மரண தண்டனை வரை போகலாம். அதோடு போக்சோவும் சேரும். பத்தொன்பது வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் ஒரே பேருந்தில் கல்லூரிக்குப் போனவர்களாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் ஒருவர் குழந்தை, மற்றவர் கொடியவர்.

நம்மை உறுத்துவது தண்டனையின் அளவைவிட இன்னொன்று. பிழைத்தவர் அந்த நேரத்தில் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று 2017இன் சட்டம் முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. அவர் தன்னைக் கொல்ல முயன்ற அதே மணி நேரத்தில், அதே அறையில் செய்த அதே காரியத்தை, 108ஆவது பிரிவு இன்னொருவர் சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்த உதவி என்று படிக்கிறது. தன்னைப் பொறுத்தவரை நிதானம் இழந்தவர், அவளைப் பொறுத்தவரை நிதானமாகத் திட்டமிட்டவர். ஒரே மனிதனின் ஒரே மனநிலையை இரண்டு சட்டம் இரண்டாகப் பார்க்க முடியுமா? இந்தக் கேள்வியை ஜாமீன் மனுவிலேயே எழுப்ப வேண்டும் என்று நாங்கள் வழக்கறிஞர் தோழர்களிடம் சொல்லிவருகிறோம். தற்கொலைக்கு உடந்தை என்றால், சாகவைக்கும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. சேர்ந்து சாகத் துணிந்தவர்களில் பிழைத்தவர் எல்லா வழக்கிலும் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லி, ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்திருக்கிறது. ஆனால் உயர் நீதிமன்றம் வரை போவதற்கு முன்னால் சிறை, வக்கீல் செலவு, படிப்பு போனது, வீட்டை விட்டுப் போனது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

இனி எதிர்ப்பக்கம். சாகும் அளவுக்கு அவர்களைத் துரத்தியவர்கள் எங்கே? 2025 ஜனவரியில், மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், மகனின் காதல் திருமணத்துக்குத் தாய் எதிர்ப்புத் தெரிவித்தது மட்டும் அந்தப் பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டியதாகாது என்றது. தனியாக எடுத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் நாம் குறை காண மாட்டோம். பிடிக்கவில்லை என்று சொல்வது குற்றமாகிவிட்டால் யாரும் பேச முடியாது. ஆனால் நம் கிராமங்களில் 'பெற்றோர் எதிர்ப்பு' என்று பத்திரிகை எழுதுவது வெறும் சொல்லா? போனைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, படிப்பை நிறுத்துவது, சூடு போடுவது, பத்து நாளில் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்வது, பையன் வீட்டுக்கு ஆள் அனுப்பி 'தெருவையே கொளுத்திருவோம்' என்பது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் அதைச் செய்தும் காட்டினார்கள். சட்டவிரோதமாக அடைத்துவைப்பது குற்றம், கொலை மிரட்டல் குற்றம், சாதிப் பெயர் சொல்லித் திட்டியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். இவை எதுவும் எப்.ஐ.ஆரில் ஏறாது. புகார் கொடுப்பவரே பெண்ணின் தந்தைதான், அவர் தன்னைப் பற்றியா எழுதிக்கொடுப்பார்? கடைக்குப் போனவன் உதவியவன் ஆகிறான். வீட்டுக் கதவைப் பூட்டியவர் பாதிக்கப்பட்டவர் ஆகிறார்.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைத் திரும்பப் படியுங்கள். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று நிறுவிவிட்டு, அந்த வேலி நிற்க வேண்டுமானால் துணையை இழந்து மிஞ்சி நிற்பவரை என்ன செய்வது என்ற சிக்கலை அவர் எடுத்துக்கொள்கிறார். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் அந்தச் சிக்கலுக்குச் சாதி கண்டுபிடித்த வழிகள் என்கிறார். வேலியைத் தாண்டிய ஜோடியில் மிஞ்சி நிற்பவரை என்ன செய்வது என்பதும் அதே சிக்கல்தான். இன்று அதை ஊர் தீர்ப்பதில்லை, காவல் நிலையம் தீர்த்துவைக்கிறது.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானிலிருந்து ஒரு செய்தி. அங்கே காதலர் சேர்ந்து சாவதற்கு 'ஷிஞ்சூ' என்று பெயர். 1703இல் சிக்கமட்சு மொன்சேமொன் அப்படி ஒரு நிஜச் சம்பவத்தை வைத்துப் பொம்மலாட்ட நாடகம் எழுதினார், அது பெரும் புகழ் பெற்றது. இருபது ஆண்டுக்குள் டோக்குகவா அரசு அந்த வகை நாடகங்களையே தடைசெய்து தண்டனைகளை வகுத்தது. இருவரும் இறந்தால் முறையான இறுதிச் சடங்கு கிடையாது. ஒருவர் பிழைத்தால் அவர் கொலைகாரருக்குரிய தண்டனையை அனுபவிப்பார். இருவருமே பிழைத்துவிட்டால்? மூன்று நாள் பொது இடத்தில் காட்சிப்பொருளாக வைத்துவிட்டு, அவர்களை 'ஹினின்' ஆக்கிவிடுவார்கள். ஹினின் என்றால் மனிதர் அல்லாதவர் என்று பொருள். தண்டனைக் களத்தில் ஏவல் வேலை செய்தும் பிச்சையெடுத்தும் வாழ விதிக்கப்பட்ட தீண்டப்படாத பிரிவு. 1871இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட அந்தப் பிரிவினை, புராக்கு மக்கள் மீதான ஒதுக்கலாக இன்றும் அங்கே தொடர்கிறது. தன் ஒழுங்கை மீறிக் காதலித்தவர் உயிரோடு மிஞ்சினால் அவரைத் தீண்டத்தகாதவராக்குவதே தண்டனை என்று ஓர் அரசு எழுதியே வைத்திருந்தது. நம்மிடம் எழுதிவைக்கத் தேவைப்படவில்லை.

எதையும் 'தற்கொலை' என்று நம்புவதற்கு முன்னால் நாம் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே கண்ணகி, முருகேசன் இருவர் உடலிலும் விஷம் இருந்தது. அவர்கள் குடிக்கவில்லை, ஊரார் முன்னிலையில் ஊற்றினார்கள். காவல்துறை ஆரம்பத்தில் இரு தரப்பிலும் சமமாக ஆட்களைக் குற்றவாளியாக்கியது, முருகேசனின் தந்தையையும் சேர்த்து. மத்தியப் புலனாய்வுத் துறை வந்து, 2021இல்தான் தீர்ப்பு வந்தது. பொய்யாக வழக்கை ஜோடித்த காவல் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2015இல் கோகுல்ராஜை மிரட்டித் தற்கொலைக் கடிதம் எழுதவைத்து, உடலைத் தண்டவாளத்தில் போட்டார்கள். ஆகவே ஒரு ஜோடி என்றதும் முதல் கேள்வி, இது தற்கொலைதானா என்பது. பிழைத்தவர் ஒருவர் இருந்தால் அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டால், எந்த மிரட்டலில் வீட்டைவிட்டு ஓடினார்கள், யாரெல்லாம் தேடி வந்தார்கள் என்று சொல்வதற்கு யாரும் மிஞ்சமாட்டார்கள். குற்றம்சாட்டப்பட்டவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறான் என்று அது ஒதுக்கப்படும்.

இனி நமக்கு வசதியில்லாத பக்கத்துக்கும் போக வேண்டும். பிழைத்தவர் சொல்வதெல்லாம் உண்மை என்று நாம் வாதாட முடியாது. இறந்தவர் வந்து பேச மாட்டார். 'நீ வராவிட்டால் நான் செத்துவிடுவேன்' என்று மிரட்டியே ஒரு பெண்ணைச் சாவுக்கு இழுத்துச்செல்பவன் இருக்கிறான். அவளைக் கொன்றுவிட்டுத் தானும் முயன்றதாக நாடகமாடுபவன் இருக்கிறான். 2002இல் ஐதராபாத்தில் இறந்த நடிகை பிரத்யுஷாவின் வழக்கு அறிந்ததே. அவருடன் விஷம் அருந்தியதாகச் சொல்லப்பட்ட காதலர் பிழைத்தார். தாயோ மகள் கொலை செய்யப்பட்டாள் என்று போராடினார். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. காதலருக்கு 306இன் கீழ் விசாரணை நீதிமன்றம் தந்த ஐந்தாண்டுத் தண்டனையை உயர் நீதிமன்றம் இரண்டாண்டாகக் குறைத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் தாயின் சந்தேகத்தை யாரும் கேலி செய்ய முடியாது. பெண்ணைப் பெற்றவர் கேட்கும் கேள்விகளுக்கு விசாரணை பதில் சொல்லியே ஆக வேண்டும். கடன் தொல்லையில் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுத் தாங்கள் மட்டும் பிழைக்கும் பெற்றோர் விஷயத்தில் நமக்குக் குழப்பமே இல்லை. பிள்ளை எதற்கும் சம்மதிக்கவில்லை, அது கொலை. பத்திரிகைகள் அதையும் 'குடும்பத்துடன் தற்கொலை' என்றே எழுதுகின்றன.

இன்னும் கடினமான கேள்வி ஒன்றை இளம் தோழர்கள் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். இறந்தது நம் பெண், பிழைத்தது ஆதிக்கச் சாதிப் பையன் என்றால் நாம் என்ன செய்வோம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்து வழக்குப் போடச் சொல்லி மறியல் செய்வோம், அதுதானே நடக்கிறது? ஆமாம், பல நேரம் அதுதான் நடக்கிறது. அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிப் பழகிவிட்டு, சாதி நினைவுக்கு வந்ததும் கைவிட்டவன், பிறகு சேர்ந்து சாகலாம் என்று பேசிக் கடைசி நிமிடத்தில் தான் மட்டும் பின்வாங்கினால் அதன் பெயர் ஏமாற்று. அங்கே 108ம் வேண்டும், வன்கொடுமைச் சட்டமும் வேண்டும். ஆனால் தன் வீட்டையே எதிர்த்துக்கொண்டு, அடியும் வாங்கிக்கொண்டு, அவளோடு ஓடிவந்த பையன் என்றால் என்ன செய்வது? அவனையும் அதே பிரிவில் உள்ளே தள்ளு என்று நாம் கோஷம் போட்டால், நாளை நம் பையனுக்கு அதே பிரிவு வரும்போது நம் வாயில் என்ன மிச்சமிருக்கும்? பிழைத்தவரின் சாதியைப் பார்த்து நம் அளவுகோல் மாறக் கூடாது. அவர் என்ன செய்தார், அவரை யார் துரத்தினார்கள் என்பதைத்தான் இரண்டு வழக்கிலும் கேட்க வேண்டும். இதை ஊர்க்கூட்டத்தில் மகளைப் பறிகொடுத்த தாய் முன்னால் நின்று சொல்வது எளிதில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

பிழைத்தது பெண் என்றால் கதை வேறுமாதிரி போகும். வழக்குப் போடுவதற்கு முன்னால் அவளைப் 'பெற்றோரிடம் ஒப்படைத்து' விடுவார்கள். இருபத்தோரு வயதுப் பெண்ணை, தொலைந்துபோன பையைப் போல. யாருக்குப் பயந்து சாகப் போனாளோ அவர்கள் கையில். 115ஆவது பிரிவு சொல்லும் பராமரிப்பும் மறுவாழ்வும் இதுவல்ல. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இறந்த பையன் சேரிக்காரன் என்றால், நம் தெருவிலேயே 'எங்க புள்ளையக் கொன்னவ' என்று அவளைத் தூற்றும் வாய்கள் உண்டு. அவள் அவனுடைய இறுதி ஊர்வலத்துக்கு வர முடியாது, அவன் படத்துக்கு ஒரு மாலை போட முடியாது, எந்த வீட்டிலும் அவளுக்குத் துக்கம் கொண்டாட இடமில்லை. பிழைத்த பையன்களுக்கும் அதேதான். வார்டு வாசலில் காவலர் உட்கார்ந்திருப்பார், அவளை எடுத்துப்போய்விட்டார்கள் என்பதே அவனுக்கு மூன்றாம் நாள்தான் தெரியும்.

சட்டம் எப்படி மாற வேண்டும் என்பதற்கு நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 309ஐ நமக்குத் தந்த பிரிட்டன் தன் நாட்டில் 1961இலேயே தற்கொலையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1957இன் கொலைச் சட்டத்தில், சேர்ந்து சாக ஒப்புக்கொண்டவர்களில் மற்றவரைக் கொன்று தான் பிழைத்தவர் கொலைக் குற்றவாளி அல்ல, அதைவிடக் குறைந்த குற்றம் செய்தவர் என்று எழுதிவைத்தது. ஒப்பந்தம் உண்மையாக இருந்தது, தானும் சாகும் முடிவோடுதான் இருந்தேன் என்று காட்டும் பொறுப்பு அவருடையது. நாடகமாடுபவனுக்கு அங்கே இடமில்லை. தற்கொலைக்கு உதவியதாக வழக்குத் தொடர, அரசின் தலைமை வழக்கு இயக்குநரின் ஒப்புதல் வேண்டும் என்றும் 1961 சட்டம் சொல்கிறது. உள்ளூர்க் காவல் ஆய்வாளர் ராத்திரியோடு ராத்திரியாக முடிவெடுக்க முடியாது. தண்டனை பதினான்கு ஆண்டு வரை போகக்கூடிய கடுமையான சட்டம்தான் அதுவும். ஆனால் யார் மீது அதைப் பாய்ச்சுவது என்பதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே இப்போது அதைக் கேட்பதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம், உசிலம்பட்டிப் பகுதிப் பெண் ஒருவர் இறந்த வழக்கில், சாதி மறுப்புத் தம்பதிகளைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்களும் உதவி எண்ணும் அமைக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. கொலையை மட்டும் பேசும் சட்டம் பாதிச் சட்டம். சாதியின் பெயரால் அடைத்துவைத்து, மிரட்டி, விரட்டிச் சாவின் விளிம்பில் தள்ளுவதும் அதில் தனிக் குற்றமாக வேண்டும். சாதி கடந்த ஜோடியில் ஒருவர் பிழைத்தால், துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரி முதலில் அந்த மிரட்டலை விசாரித்து முடிக்காமல் பிழைத்தவர் மீது 108 போடக் கூடாது என்று விதி வர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. உங்கள் ஊரில் இப்படி நடந்ததாகக் காதில் விழுந்தால், போஸ்டர் அடிக்க ஓடாதீர்கள். 'காதலுக்காக உயிர்நீத்த' என்று படம் போட்டு ஒட்டுவதைப் பார்க்கிற இன்னொரு ஜோடி என்ன யோசிக்கும்? சேர்ந்து சாவதில் போற்றுவதற்கு எதுவுமில்லை. நமக்கு அவர்கள் இருவரும் உயிரோடு வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நினைவு தெளியாத நிலையில் காவலர் எழுதிவாங்கும் 'நாங்கள் சேர்ந்து முடிவெடுத்தோம், நான்தான் வாங்கினேன்' என்ற வரிதான் வழக்கின் அஸ்திவாரம். காவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் அதை வைத்து மற்ற ஆதாரங்களைத் தேடிப் பிடிப்பார்கள். வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100க்கு அழைக்கலாம். மிரட்டல் வந்த எண்கள், குறுஞ்செய்திகள், முன்பு காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டுக் கொடுத்த மனுவின் நகல், அந்த ஊரைவிட்டு ஓடிய தேதி எல்லாவற்றையும் அன்றைக்கே சேகரியுங்கள். ஒரு வாரத்தில் போன் காணாமல் போயிருக்கும். திருமணமாகி ஏழாண்டுக்குள் மனைவி இறந்திருந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். எழுதிய மனுவோடு அங்கே போய் நில்லுங்கள், யாரெல்லாம் மிரட்டினார்கள் என்று பெயரோடு பதிவாக அது ஒரு இடம்.

பிழைத்தது பெண் என்றால், தன்னைப் பெற்றோருடன் அனுப்ப வேண்டாம் என்று அவள் சொன்னால் அதை எழுத்தில் வாங்கி மருத்துவரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் கொடுங்கள். 181இல் பெண்கள் உதவி மையம் இருக்கிறது. அவர்கள் மூலம் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க இடம் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் வாரங்கள்தான் ஆபத்தானவை. வழக்கு, சிறை, வாய்தா என்று ஓடுகையில் அவர் இன்னமும் சாக நினைக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. சிலர் அந்த எண்ணத்தோடேயே வீடு திரும்பக்கூடும். தனியாக விடாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, இரண்டும் இரவிலும் எடுப்பார்கள். இதைப் படிக்கிற நீங்களே அப்படி ஒரு முடிவை யோசித்துக்கொண்டிருந்தால் அந்த எண்களில் இன்றைக்கே பேசுங்கள். வீட்டில் அடைத்துவைத்திருக்கிறார்கள், துரத்துகிறார்கள் என்றால் இயக்கத் தோழர் ஒருவருக்கு இருக்கும் இடத்தை அனுப்பிவிடுங்கள். வந்து கூட்டிப்போக ஆள் இருக்கிறார்கள்.